கார்ட் பழசு, மொனிட்டர் எது?

"என்ட கார்ட் அறுபது ஃப்ரேமே ஒழுங்காத் தராது மாமா. எனக்கு எதுக்கு 144 ஹேர்ட்ஸ்? 75 போதும்தானே?"

கலகெதரப் பக்கத்தில் கேம் விளையாடுகிற பிள்ளைகள் மொனிட்டர் வாங்கப் போவதற்கு முன்னால் அநேகமாக இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காசை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணமும் அதற்குள் இருக்கிறது. ஆனால் கணக்கு நேர்மாறானது. கார்ட் எவ்வளவு தளர்ந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு வேகம் கூடிய மொனிட்டர் அதற்குக் கைகொடுக்கும். பழைய கார்டைத் திணறவைப்பது பிக்சல், ஹேர்ட்ஸ் அல்ல. இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டி ஒன்றை ஊற்றி, பக்கத்தில் கித்துள் கருப்பட்டித் துண்டு ஒன்றையும் வைத்துக்கொண்டு ஆறுதலாக இருங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பழைய கிராபிக்ஸ் கார்ட் என்று நான் சொல்வது என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060, 1050 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 570, 580 போன்றவற்றை. 1060 வெளிவந்தது 2016 ஜூலையில். கேம் விற்கிற தளமான ஸ்டீம் மாதாமாதம் எடுக்கிற கணக்கெடுப்பில் வருஷக்கணக்காக முதலிடத்தில் இருந்த கார்ட் அது. 2022 கடைசியில்தான் 1650 அதை முந்தியது. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வெளியானபோது, பரிந்துரைக்கப்படும் கார்ட் என்ற இடத்தில் 6 ஜிபி 1060இன் பெயர் இருந்தது. 2023இல் அதே கேமின் பட்டியலைத் திருத்தியபோது 1060 குறைந்தபட்சத் தேவை என்ற வரிக்கு இறங்கிவிட்டது. பரிந்துரையில் இருந்த கார்ட் கடைசி வரிக்கு வர மூன்று வருஷம்கூட எடுக்கவில்லை.

அப்படியிருந்தும் நம் வீடுகளில் அது இன்னும் ஓடுகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. 2022 மார்ச்சில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டொலர், மே மாதம் வருவதற்குள் 360ஐ எட்டியது. அதே காலத்தில் உலகம் முழுக்க எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள்; அது 2022 செப்டெம்பர் வரைக்கும் நீடித்தது. பிறகு 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. இதற்கெல்லாம் நடுவில் ஒரு தகப்பனிடம் போய்ப் புதுக் கார்ட் வாங்கித் தரச்சொல்லிக் கேட்பது லேசான காரியமல்ல. கார்டை வைத்துக்கொண்டு மொனிட்டரை மாற்றுவோம் என்று ஒரு பிள்ளை யோசித்தால் அது கெட்டிக்காரத்தனம்தான். நல்ல மொனிட்டர் ஒன்று கார்டைவிட நீண்ட காலம் நிற்கும்; நாளை கார்ட் மாறினாலும் அது அப்படியே இருக்கும்.

முதலில் பிக்சலைப் பார்ப்போம். ஃப்ரேம் என்பது கார்ட் கீறித் தருகிற ஒரு முழுப் படம். ஃபுல் எச்டி திரையில், அதாவது 1920×1080இல், ஒரு படத்துக்கு 20,73,600 புள்ளிகள்; இவைதான் பிக்சல். கடையில் டூகே என்று சொல்லி விற்கிற 2560×1440இல் 36,86,400. ஃபோர்கேயில் 82,94,400. ஃபுல் எச்டியோடு ஒப்பிட்டால் டூகேக்குப் புள்ளிகள் ஏறத்தாழ 1.8 மடங்கு, ஃபோர்கேக்குச் சரியாக நாலு மடங்கு. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இந்த வேலையை முழுதாகச் செய்தாக வேண்டும். கார்டால் இதில் தப்ப முடியாது. ஃபுல் எச்டியில் தட்டுத்தடுமாறி 60 தருகிற கேம், டூகேயில் நாற்பதின் பக்கம் விழுந்துவிடும்.

"டூகே மொனிட்டரை வாங்கி, கேமை மட்டும் 1080இல் வைத்து விளையாடினால் என்ன?" என்று கேட்பார்கள். விளையாடலாம், ஆனால் படம் மங்கும். 1080ஐ 1440ஆக விரிக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் அகலத்திலும் உயரத்திலும் ஒன்றேமூன்றில் ஒரு பங்கு இடத்தை நிரப்ப வேண்டும். திரையில் அப்படி ஒரு பங்குப் புள்ளி கிடையாது. ஆகவே பக்கத்துப் புள்ளியோடு கலந்து பூசிவிடும். எழுத்தின் ஓரங்களில், தூரத்தில் நிற்கிற எதிராளியின் தலையில் அது தெரியும். ஃபோர்கேயில் விரிவு சரியாக இரண்டு மடங்கு என்பதால் கூர்மையாக வரக்கூடும். ஆனால் புள்ளியைக் கலக்காமல் அப்படியே இரட்டிக்கிற வசதியை என்விடியா 16, 20 வரிசைக் கார்டுகளிலிருந்துதான் தந்தது. 1060, 1050 டிஐ அடங்கிய 10 வரிசைக்கு இல்லை.

இனி ஹேர்ட்ஸ். மொனிட்டர் ஒரு வினாடிக்கு எத்தனை தடவை தன் படத்தைப் புதுப்பிக்கத் தயாராக இருக்கிறது என்பதுதான் இந்த எண். 60 ஹேர்ட்ஸ் திரை 16.7 மில்லிவினாடிக்கு ஒரு தடவை புதுப்பிக்கும். 144 ஹேர்ட்ஸ் திரை 6.9 மில்லிவினாடிக்கு ஒரு தடவை. 144 ஹேர்ட்ஸ் மொனிட்டரை மாட்டினால் கார்ட் 144 ஃப்ரேம் தந்தே ஆகவேண்டும் என்று யாரும் அதனிடம் கேட்பதில்லை. இருபது ஃப்ரேம் வந்தாலும் அது காட்டும். பிக்சலைப் போலக் கார்டின் தலையில் ஏறுகிற சுமை அல்ல இது.

சுமை இல்லை என்பதோடு முடியவில்லை, இலாபமும் இருக்கிறது. ஃப்ரேமைத் திரை புதுப்பிக்கிற நேரத்தோடு பொருத்துகிற வி-சிங்க் போட்டு விளையாடும்போது நடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃப்ரேமைக் கீறக் கார்டுக்கு 18 மில்லிவினாடி பிடிக்கிறது என்று வைப்போம், அதாவது 55 ஃப்ரேம் தரக்கூடிய நிலை. 60 ஹேர்ட்ஸ் திரையில் இது நேரத்துக்குப் புறப்படுகிற குருநாகல் பஸ்ஸை ஒரு நிமிஷத்தால் தவறவிட்டதற்குச் சமம். அடுத்த பஸ் வரைக்கும் கலகெதரத் தரிப்பிடத்தில் நிற்கத்தான் வேண்டும். 16.7ஐத் தவறவிட்ட ஃப்ரேம் 33.3 வரை காத்திருக்கும். எல்லா ஃப்ரேமும் அப்படியே தவறவிட்டால் 55 தரக்கூடிய கார்ட் 30தான் காட்டும். அதே கார்டை 144 ஹேர்ட்ஸ் திரையில் மாட்டினால் பஸ் 6.9க்கு ஒன்று புறப்படுகிறது. 18இல் வந்த ஃப்ரேம் 20.8இல் புறப்படுகிறதில் ஏறிவிடும், ஆக 48. கார்டில் ஒன்றையும் தொடவில்லை. விளையாட்டு 30இலிருந்து 48க்கு வந்துவிட்டது. வி-சிங்கை அணைத்தால் இந்தக் காத்திருப்பு இல்லை, ஆனால் படத்தின் மேல்பாதி ஒரு ஃப்ரேமிலும் கீழ்ப்பாதி வேறொன்றிலும் இருந்து நடுவே வெட்டினாற்போல் கோடு ஓடும். வேகமான திரையில் அந்தக் கோடும் கொஞ்ச நேரத்துக்குத்தான் நிற்கும், உடனே அடுத்த படம் வந்து மூடிவிடும்.

இந்தக் காத்திருப்பை அடியோடு நீக்குகிறதுதான் அடப்டிவ் சிங்க். திரை தன் நேரத்தை விட்டுக்கொடுத்து, கார்ட் ஃப்ரேமை முடித்த கணத்தில் புதுப்பித்துக்கொள்ளும். 18இல் வந்தால் 18இல், 21இல் வந்தால் 21இல். ஏஎம்டி இதை ஃப்ரீசிங்க் என்று 2015இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. என்விடியா அதற்கு முன்பே ஜி-சிங்க் என்று தனிப் பலகை ஒன்றை மொனிட்டருக்குள் வைத்து விற்றது. அதன் விலை நம் கைக்கு எட்டாது. பிறகு 2019 ஜனவரி 15இல் வந்த 417.71 டிரைவரோடு, சாதாரண அடப்டிவ் சிங்க் மொனிட்டர்களையும் என்விடியா ஏற்றுக்கொண்டது. 10 வரிசையும் அதற்குப் பிந்தியவையும் இதில் சேர்த்தி. 960, 970 போன்ற 900 வரிசைக்கு இல்லை.

வினாடிக்கு 300 ஃப்ரேம் தருகிற புதுக் கார்ட் வைத்திருப்பவருக்கு அடப்டிவ் சிங்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. 45க்கும் 70க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிற 1060காரருக்குத்தான் அது வேண்டும். ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியாமல் போவதே அதனுடைய வேலை. ஆகவே பட்டியலில் எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள் என்று சொல்வேன்.

இந்த இடத்தில்தான் 75 ஹேர்ட்ஸ் மொனிட்டர் கைவிடுகிறது. அடப்டிவ் சிங்குக்கு ஒரு கீழ் எல்லை உண்டு. பல மொனிட்டர்களில் அது 48. கார்ட் 40க்கு விழுந்தால் என்ன ஆகும்? எல்லை 48இலிருந்து 144 வரை என்றால், ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு தடவை காட்டி, திரை 80இல் ஓடும். 80 எல்லைக்குள்தான் இருக்கிறது. விளையாடுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லை 48இலிருந்து 75 வரை மட்டும் என்றால், இரட்டித்த 80க்கு அங்கே இடமில்லை. அடப்டிவ் சிங்க் அறுந்துபோய், பழைய வெட்டும் திணறலும் திரும்ப வந்துவிடும். அதுவும் கார்ட் மிகவும் திணறுகிற சண்டைக் காட்சியில், உதவி அவசியமாக வேண்டிய நேரத்தில். மேல் எல்லை கீழ் எல்லையைப்போல் குறைந்தது இரண்டு மடங்காவது இருந்தால்தான் இந்த இரட்டிப்பு நடக்கும். ஆக, 144 ஹேர்ட்ஸ் என்பது 144 ஃப்ரேம் வேண்டி வாங்குகிற எண் அல்ல. 40 ஃப்ரேமைத் தாங்கிப் பிடிக்க வாங்குகிற எண்.

165, 180 என்று எழுதிய பெட்டியும் இருக்கும். விலை ஒன்றுபோல் இருந்தால் எடுங்கள். வித்தியாசம் இருந்தால் 144 போதும். 240க்கு இந்தக் கார்டோடு காசு கொடுக்காதீர்கள்.

அடுத்தது துளை, அதாவது போர்ட். நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 10 வரிசை என்விடியா கார்டில் அடப்டிவ் சிங்க் டிஸ்பிளேபோர்ட் வழியாக மட்டும்தான் வேலை செய்யும். எச்டிஎம்ஐயில் மாட்டினால் படம் வரும், அந்த வசதி வராது. மலிவான மொனிட்டர் பெட்டிக்குள் பல நேரம் எச்டிஎம்ஐ கேபிள் மட்டும்தான் கிடக்கும். டிஸ்பிளேபோர்ட் கேபிளைத் தனியாக வாங்க வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள். மொனிட்டரின் பின்பக்கம் டிஸ்பிளேபோர்ட் உண்மையிலேயே இருக்கிறதா என்பதைக் கடையில் திருப்பிப் பாருங்கள். எச்டிஎம்ஐயும் விஜிஏயும் மட்டும் உள்ள மொனிட்டரை 1060காரர் வாங்கக் கூடாது. ஆர்எக்ஸ் 570, 580 வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. மொனிட்டரும் ஏற்றுக்கொண்டால் எச்டிஎம்ஐயிலும் ஃப்ரீசிங்க் ஓடும். ஆனால் அந்த எச்டிஎம்ஐ 1.4 ஆக இருந்தால் ஃபுல் எச்டியில் பெரும்பாலும் 120 ஹேர்ட்ஸோடு நின்றுவிடும்.

இன்னுமொன்று. 900, 10 வரிசைக் கார்டுகள் சிலவற்றைப் புதிய டிஸ்பிளேபோர்ட் மொனிட்டரில் மாட்டும்போது, விண்டோஸ் வரும்வரை திரை கறுப்பாகவே நிற்கும். மொனிட்டர் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். இதற்கென்று என்விடியா 2018இல் ஒரு ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டது. எச்டிஎம்ஐயில் மாட்டி அதைப் போட்டுவிட்டு மறுபடி டிஸ்பிளேபோர்ட்டுக்கு மாறலாம்.

அளவு 24 அங்குலம். ஃபுல் எச்டி 24இல் அங்குலத்துக்கு 92 புள்ளி கிடைக்கும். 27இல் அது 82க்குக் குறைந்து, கிட்டே இருந்து பார்க்கையில் எழுத்து கரடுமுரடாகத் தெரியும். ஏ.எல். படிக்கிற பிள்ளை அதே திரையில்தான் பாடக்குறிப்பும் வாசிக்கப் போகிறது, அதை மறக்கக் கூடாது. பெனல் ஐபிஎஸ் ஆக இருக்கட்டும். விஏ பெனலில் கறுப்பு நன்றாக இருக்கும்தான், ஆனால் மலிவான விஏயில் இருட்டுக் காட்சிகள் நகரும்போது பின்னால் ஒரு கரி இழுத்தாற்போல் தெரிகிறது. எனக்கு அது பிடிக்காது. பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கிற '1 எம்எஸ்' என்ற எண்ணுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம். பல பெட்டிகளில் அது பின்விளக்கை அணைத்தணைத்துக் கொளுத்தும்போது கிடைக்கிற எண். அந்த முறையை அடப்டிவ் சிங்கோடு சேர்த்துப் பெரும்பாலும் பாவிக்க முடியாது.

டூகே வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வலோரண்ட் மட்டும்தான் விளையாடுகிறேன் என்கிற பிள்ளைக்கு 1060 டூகேயிலும் தாராளமாக ஃப்ரேம் தரும். ஒரு வருஷத்துக்குள் கார்ட் மாற்றப்போவது உறுதி என்றால், இப்போதே 27 அங்குல டூகே வாங்குவதில் பிழையில்லை. இடைக்காலத்துக்கு எஃப்எஸ்ஆர் உதவும். ஏஎம்டி 2021இல் வெளியிட்ட இது, குறைந்த பிக்சலில் கீறி விரித்துக் காட்டுகிற வழி. கேமுக்குள் இருந்தால் பழைய என்விடியா கார்டிலும் ஓடும். டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும். ஆனால் "எப்பவாவது மாத்துவேன்" என்பது உறுதியல்ல. அந்த எப்போதாவது வரும்வரை ஒவ்வொரு நாளும் மங்கலான படத்தையோ திணறுகிற படத்தையோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி இருக்க எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

கார்ட் இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். என்விடியாவின் 900, 10 வரிசைகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் 2025 ஒக்டோபரோடு நின்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் இந்தக் கார்டுகளில் ஓடவே ஓடாது, ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம். எந்த மொனிட்டரும் அதைத் தீர்க்காது. ஜிடிஏ 5, கவுன்டர்-ஸ்ட்ரைக், வலோரண்ட், கிரிக்கெட் கேம்கள் என்று விளையாடுகிறவருக்கு இந்தக் கார்டில் இன்னும் உயிர் இருக்கிறது. அவருக்காகத்தான் இவ்வளவும்.

காசு கொடுப்பதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். கேமின் ரெசல்யூஷனை 1280×720க்கு இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் நன்றாக ஏறினால் திணறுவது கார்ட். ஏறாமல் அப்படியே நின்றால் திணறுவது புரொசசர். பாவித்த ஒஃபிஸ் கணினியை வாங்கி, தனி மின்கம்பி தேவைப்படாத 1050 டிஐயை அதில் சொருகிய பிள்ளைகள் பலருக்கு உண்மையில் இதுதான் நிலைமை. அடப்டிவ் சிங்க் அவர்களுக்கும் உதவும், ஆனால் நாளை கார்டை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்ற நினைப்பை இப்போதே விட்டுவிடலாம்.

எங்கே வாங்குவது? கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தெரிவு கூட. ஆனாலும் விலையில் சின்ன வித்தியாசம்தான் என்றால் கண்டியிலேயே எடுங்கள் என்பது என் கட்சி. ஏதும் பிழை என்றால் மொனிட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பஸ்ஸில் போய் வரலாம். உத்தரவாதம் கடையுடையதா ஏஜன்ட்டுடையதா, எத்தனை செத்த பிக்சல் இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பவற்றைக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். பாவித்த மொனிட்டர் என்றால் முழு வெள்ளை, முழுக் கறுப்பு இரண்டு படங்களைப் போனில் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். வெள்ளையில் கறைகள் தெரியும், கறுப்பில் ஓரத்து வெளிச்சக் கசிவு தெரியும். மெனுவுக்குள் ஃப்ரீசிங்க் அல்லது அடப்டிவ் சிங்க் என்ற வரி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வாங்கினதைக் காப்பாற்றவும் வேண்டும். நம் பக்கத்து மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் பின்னேரங்களில் இடிமின்னல் எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை. முழங்கத் தொடங்கியதும் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ரவுட்டரிலிருந்து வருகிற கேபிளையும் கழற்றுங்கள், அந்த வழியாகவும் அடி வரும். மொனிட்டரும் கார்டும் ஒரே கம்பியில் கோர்த்து நிற்கின்றன. ஒன்றில் இறங்கினது மற்றதையும் தொடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டியதும் விண்டோஸின் டிஸ்பிளே செட்டிங்கில் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய் ஹேர்ட்ஸை 144க்கு மாற்றுங்கள். பெரும்பாலும் தானாக 60இலேயே நின்றுவிடும். 144 வாங்கி மாதக்கணக்காக 60இல் பார்த்துக்கொண்டிருக்கிற வீடுகள் உண்டு. மொனிட்டரின் சொந்த மெனுவில் ஃப்ரீசிங்கைப் போடுங்கள், பிறகு என்விடியா கொன்ட்ரோல் பெனலில் ஜி-சிங்க் கொம்பாட்டிபிள் என்பதைப் போடுங்கள். கடைசியாகக் கேமின் ஃப்ரேமுக்கு ஓர் உச்ச எல்லை வையுங்கள். 50க்கும் 75க்கும் நடுவில் தாவுகிற கேமை 60இல் கட்டிவிட்டால், கார்டின் சூடு குறையும், விசிறிச் சத்தமும் குறையும். எப்போதாவது 50க்கு இறங்கினாலும் திரை கூடவே இறங்கிக்கொள்ளும்.